ஏஜென்ட் காது கொடுக்கும் இடம்

மார்ச் 3

அண்ணிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வாசலிலேயே போனை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். லேப்டாப், பென் டிரைவ், கைக்கடிகாரம் எல்லாம் போயிற்று. வேலை முடிந்து கிளம்பும் அன்றுதான் திரும்பக் கிடைக்குமாம். அதுவரை வெளியுலகத்தோடு பேச இந்தக் காகிதம் ஒன்றுதான் வழி. இதையும் வாசலில் ஓர் அதிகாரி படித்துப் பார்த்துத்தான் தபாலில் சேர்ப்பார். ஐயா, வணக்கம். எங்கள் வீட்டுச் சண்டை கொஞ்சம் இழுவையானது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கோபமாகத்தான் கிளம்பினேன், இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்துக்கொண்டு, "புரோகிராம் முழுக்க நான் எழுதினது. என் நாத்தனார் அதை மூட்டை கட்டிக் குடுப்பா" என்று சொன்னீர்களே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதும் வரிகளை ஒரு மெஷினில் ஓடக்கூடிய பொருளாகக் கட்டிக் கொடுப்பது நான்தான். எட்டு வருஷமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கம்பெனியை நடத்துகிறோம். அண்ணன் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கப் போனவர், கூட்டம் கலைந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனை மையத்தில் கட்டுமான அறை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மெஷினுக்குள் ஒரு வெற்றுப் பெட்டியைத் திறப்பார்கள். அதற்குள் வைத்து இன்குபேட்டர் புரோகிராமைக் கட்ட வேண்டும். முடிந்ததும் பெட்டியை அழித்துவிடுவார்கள். உள்ளே இன்டர்நெட் கிடையாது. வேலை செய்யும் பயனருக்கு வீடு மாதிரி சொந்தமாக ஒரு ஹோம் ஃபோல்டர்கூடக் கிடையாது. யாரும் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கட்டுவதெல்லாம் ஒழுங்காக முடிகிறது. கடைசிப் படியில், கட்டியதற்குக் கையொப்பம் போடும் இடத்தில் கவிழ்கிறது. கையொப்பச் சாவியை உள்ளே வைத்து, உறையில் ஒட்டி நீங்கள் கொடுத்தனுப்பிய அட்டையைச் செருகியாயிற்று. அட்டையோடு பேச ஏஜென்ட் என்ற குட்டிப் புரோகிராமுக்கு மட்டும்தான் உரிமை. ஏஜென்டோடு மற்ற புரோகிராம்கள் பேச வேண்டுமானால் சாக்கெட் என்ற ஓர் இடம் வேண்டும், அது அங்கேதான் காது கொடுத்துக் கேட்கும். நீங்கள் எழுதிய கையொப்பப் பகுதியோ அந்த சாக்கெட்டை ஹோம் ஃபோல்டரில்தான் தேடுவேன் என்று அடம்பிடிக்கிறது. வீடே இல்லாத இடத்தில் வாசலுக்கு எங்கே போவது? "ஏஜென்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரே ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை.

மாதக் கடைசியோடு நம் முறை முடிகிறது. அதற்குள் கையொப்பத்தோடு புரோகிராம் வெளியே வராவிட்டால் அடுத்த வருஷம்தான். அதுவரை அந்தக் குறைமாதக் குழந்தைகள் பழைய புரோகிராமை நம்பித்தான் படுத்திருக்க வேண்டும். சூடு ஏறி வெகுநேரம் கழித்து ஆற அமரக் கூவுகிற புரோகிராம் அது. உங்களுக்கும் தெரியும்.

உதவி கேட்டு எழுதவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன். நானே முடித்துவிடுவேன். கையொப்பம் எப்படியும் உங்கள் பெயரில்தானே விழப்போகிறது.

மூட்டை கட்டுபவள்


மார்ச் 7

சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டு, "நல்லா இருக்காளாம், சாப்பாடெல்லாம் பரவாயில்லையாம்" என்றார். நீ சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பிடுங்கிப் படித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

என் கையொப்பப் பகுதி அடம்பிடிக்கவில்லை. உலகத்தில் எந்த மெஷினும் பயனருக்கு ஒரு வீடு கொடுக்கும் என்று நம்பி எழுதியது அது. கொடுக்காதது உன் அறை. ஆனால் இதற்கெல்லாம் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. ஏஜென்டுக்கு "உன் வீடு இதுதான்" என்று நாமே ஓர் இடத்தைக் காட்டலாம், அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. வேலை நடக்கும் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் திற. அதில் வேறு யாரும் நுழைய முடியாதபடி அனுமதியைப் பூட்டு. பூட்டாமல் விட்டால் ஏஜென்ட் முறைத்துக்கொண்டே நிற்கும், உன்னை மாதிரி. கட்டுமான வரிகளின் ஆரம்பத்திலேயே அந்த இடத்தை அதன் வீடாக அறிவித்துவிடு. ஒரு வரி வேலை.

கூட்டத்தில் நான் சொன்னதைப் பற்றிக் காகிதத்தில் பஞ்சாயத்து வைக்க எனக்கு விருப்பமில்லை. வாசலில் இருக்கிற பெரிய மனுஷர் படிக்கிறார் என்பதற்காகச் சொல்லவில்லை. ஐயா, உங்களுக்கும் வணக்கம். முதலில் ஏஜென்டைப் பேச வை, அட்டை திறக்கட்டும். திறந்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதுவரை பாக்கி வை.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன். ஃபோல்டர் திறந்தேன், அனுமதியைப் பூட்டினேன், வீடு இதுதான் என்று அறிவித்தேன். வீடு இல்லை என்ற குறை தீர்ந்தது. ஏஜென்டைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது வீடு இருக்கிறது, வாசல்தான் திறக்கவில்லை. ஏஜென்ட் எழுகிறது, எழுந்த வேகத்திலேயே செத்துப்போகிறது.

இங்கே அறை மேலாளர் ஒருவர் இருக்கிறார். நான் வைத்த பெயர் விதிப்புத்தகம். எதைக் கேட்டாலும் எத்தனையாவது விதி என்று சொல்லித்தான் பதிலை ஆரம்பிப்பார். நல்ல மனிதர்தான். நேற்றைக்கு வந்து என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா இவ்ளோ சிரமப்படறீங்க? கையொப்பம் இல்லாம கட்டி எடுத்துட்டுப் போங்க. உங்க ஆபீஸ்ல வெச்சுக் கையெழுத்துப் போட்டுக்கலாம். விதியில அதுக்கு இடம் இருக்கு. போன தடவை வந்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க."

"அப்போ நடுவுல யாராவது மாத்திட்டா?"

"யாரு மாத்தப் போறாங்க?"

நான் திரையின் பக்கமே திரும்பிக்கொண்டேன். ஆனால் மாதம் கரைகிறது, அண்ணி. கடைசி வாரத்துக்கு அந்த வழியைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை. உங்கள் அபிப்பிராயம் என்ன?

இன்னொன்று. விதிப்புத்தகம் எனக்கு இங்கேயே வேலை போட்டுத் தருகிறேன் என்கிறார். "அறையைக் குறை சொல்லாம அறைக்குள்ள வேலை செய்யறவங்களை நான் பார்த்ததே இல்ல" என்றார். எட்டு வருஷத்தில் என் வேலையைப் பார்த்து ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையாகவே யோசிக்கிறேன்.

மூட்டை கட்டுபவள்


மார்ச் 15

சில்வண்டுக்கு,

கையொப்பம் இல்லாமல் அது அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது. இதற்கு அபிப்பிராயம் வேறு கேட்கிறாயா? அந்தப் புரோகிராம் ஓடப்போவது ஒரு கை நீளம்கூட இல்லாத குழந்தைகளுக்குப் பக்கத்தில். அறையில் எது கட்டப்பட்டதோ அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கையொப்பம். யார் பெயர் அதில் விழுகிறதோ அவள்தான் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். கையொப்பமில்லாமல் ஒரு பொட்டு வந்தாலும் நான் தொடமாட்டேன். அடுத்த வருஷம் ஆனாலும் சரி.

இப்போது வாசல் விஷயம். உன் கடிதத்தைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சாக்கெட்டின் முழு முகவரிக்கு ஒரு நீள வரம்பு உண்டு. நூற்றெட்டு. அதைத் தாண்டினால் சாக்கெட் திறக்காது. என்ன குறை என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்யாது. நீ ஏஜென்டுக்கு வேலை ஃபோல்டருக்குள்ளேயே வீடு போட்டிருக்கிறாய். அந்த மையத்தின் வழக்கப்படி வெளி ஃபோல்டருக்கும் திட்டத்தின் பெயர், உள் ஃபோல்டருக்கும் அதே பெயர். நம் திட்டத்தின் பெயரோ ஊரைச் சுற்றி வருகிற பெயர்.

ஞாபகம் இருக்கிறதா? நீ "கதகதப்பு" என்றாய். நான் "வெதுவெதுப்பு" என்றேன். கதகதப்பு என்றால் போர்வை மாதிரி இருக்கிறது என்றேன். வெதுவெதுப்பு என்றால் குளிக்கிற தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றாய். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அண்ணன் வந்து நடுவில் ஒரு கோடு கிழித்து இரண்டையும் ஒட்டிவிட்டுப் போனார். அவர் வாழ்க்கையில் எடுத்த ஒரே முடிவு. அது இப்போது நம் கழுத்தைப் பிடிக்கிறது. முகவரியின் நீளத்தை எண்ணிப் பார்.

வேலை விஷயம். போகிறதானால் போ. உன்னைக் கட்டி வைக்க என்னிடம் கயிறு இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சமும் பிடிக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு அண்ணி சந்தோஷமாக வழியனுப்பினாள் என்று நீ ஊரெல்லாம் சொல்லுவாய்.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

எண்ணினேன். விரலை வைத்து, ஓர் எழுத்து விடாமல், இரண்டு தடவை. ஆரம்பக் கோட்டிலிருந்து சாக்கெட்டின் பெயர் வரைக்கும் அறுபதைக்கூடத் தொடவில்லை. நூற்றெட்டு எங்கே, இது எங்கே? நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு, என்னைக் கேட்காமலே, "படித்ததுமே புரிந்துவிட்டது" என்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஆகாத குணம் இது ஒன்றுதான்.

நீளம் இல்லை. வேறு ஏதோ. கண்டுபிடிக்கிறேன்.

கையொப்பம் இல்லாமல் வெளியே கொண்டு வரமாட்டேன். அதில் நமக்குள் சண்டை இல்லை. விதிப்புத்தகத்திடமும் சொல்லிவிட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வேலைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மூட்டை கட்டுபவள்


மார்ச் 20

அண்ணிக்கு,

நேற்று எழுதிய கடிதத்தோடு இதுவும் சேர்ந்து வந்தால் இதை முதலில் படியுங்கள். அதைக் கிழித்துப் போட்டாலும் பாதகமில்லை.

நேற்று உங்களைத் திட்டி எழுதிவிட்டு அதே சூட்டில் அறைக்குப் போனேன். நீங்கள் தப்பு என்று நிரூபித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். வெற்றுப் பெட்டியில் ஏஜென்டுக்கு விதவிதமான நீளத்தில் வீடு போட்டேன். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே போனேன். நூறைத் தாண்டியும் கொஞ்சம் தாங்கியது, அப்புறம் விழுந்தது. சரி, வரம்பு இருப்பது உண்மை, நம் முகவரி அதற்குள்தானே இருக்கிறது என்று தெம்பாகத் தமிழ் எழுத்தில் ஆரம்பித்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. முப்பது சொச்சத்திலேயே குப்புற விழுந்தது.

இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஒரு ஆங்கில எழுத்துக்கு மெஷின் ஒரு இடம் ஒதுக்குகிறது. தமிழ் எழுத்துக்கு மூன்று. கொம்பு, கால், புள்ளி, சுழி எது வந்தாலும் அதற்குத் தனியாக இன்னொரு மூன்று. என் விரலுக்கு "வெ" ஒரே எழுத்து. மெஷினுக்கு அது ஆறு இடம். நம் இரண்டு பேர் ஆசைக்கும் சேர்த்து அண்ணன் ஒட்டிய பெயர், கண்ணுக்குக் கையளவு. மெஷினுக்கு அறுபத்தொன்று. அது முகவரியில் இரண்டு தடவை வருகிறது. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

உலகத்தில் இந்த ஏஜென்டைப் பயன்படுத்துகிற யாருக்கும் இந்தத் தொல்லை சுலபத்தில் வந்திருக்காது. ஃபோல்டருக்குத் தமிழில்தான் பெயர் வைப்போம் என்று தலைகீழாக நின்றது நாம் இரண்டு பேர்தான். அதில் மட்டும் நமக்குள் அன்றைக்குச் சண்டையே வரவில்லை.

ஆக, நீளம் என்று நீங்கள் சொன்னது சரி. எண்ணிக்கை வரவில்லை என்று நான் சொன்னதும் சரி. சரிபாதி என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வரிகூட என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.

மூட்டை கட்டுபவள்


மார்ச் 24

சில்வண்டுக்கு,

இரண்டும் சேர்ந்துதான் வந்தன. எழுதிய வரிசையில்தான் படித்தேன். முதல் கடிதத்துக்கு ஒரு மூச்சு திட்டி முடித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தேன். படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அண்ணன் என்னமோ ஏதோ என்று குளியலறையிலிருந்து ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அப்போ நான் ஒட்டின பேர்ல தப்பில்லைங்கறே" என்றார். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மூன்று மடங்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அந்த வரம்பைப் பற்றி எங்கோ படித்தவள், அவ்வளவுதான். அதைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது நீ. இதைச் சரிபாதி என்று நீ விட்டுக்கொடுத்தாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இனி யோசிக்க நேரமில்லை. "வெதுவெதுப்பை" எடுத்துவிடு. கதகதப்பு மட்டும் இருக்கட்டும். அது இரண்டு தடவை வந்தாலும் நூற்றெட்டுக்குள் அடங்கிவிடும், கூட்டிப் பார்த்துவிட்டேன். விதிப்புத்தகத்திடம் பெயர் மாற்றத்துக்கு என்ன விண்ணப்பமோ அதைக் கேட்டு வாங்கிப் போடு. எனக்கு வருத்தமில்லை. பொய். கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. ஆனால் உன் பெயரே பொருத்தம். போர்வை மாதிரி இருக்கிறது என்றுதானே அன்றைக்குச் சொன்னேன். இன்குபேட்டருக்கு வேறு என்ன பெயர் வேண்டும்?

அட்டை திறந்ததும் எழுது. உடனே எழுது.

அண்ணி


மார்ச் 28

அண்ணிக்கு,

பெயரை வெட்டவில்லை.

உங்கள் கடிதத்தை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். "பொய்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். எட்டு வருஷத்தில் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்க்காத ஆள் நீங்கள். நீங்கள் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

கையேடு மெஷினிலேயே இருக்கிறது. ஆரம்பத்திலேயே பொறுமையாகப் படித்திருக்க வேண்டும், உங்களைத் திட்டுகிற அவசரத்தில் படிக்கவில்லை. ஏஜென்டின் வீட்டிலேயே சாக்கெட் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லையாம். வீடு நீளமான முகவரியில் இருந்துவிட்டுப் போகட்டும். சாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில், அதே பெயரில், ஒரு சாதாரணக் குறிப்பை வைத்துவிட்டால் போதும். "இங்கே தட்டாதே, அங்கே போய்த் தட்டு" என்று ஒரு குட்டி முகவரியைச் சொல்லுகிற குறிப்பு. கடை மாறிப் போனவர்கள் பழைய கடையின் ஷட்டரில் ஒட்டிவிட்டுப் போவார்களே, அது மாதிரி. ஏஜென்டும் அதைப் படித்துக்கொள்கிறது, அதைத் தேடி வருகிறவர்களும் படித்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கிற தற்காலிக ஃபோல்டரில், பெயரே ஒற்றை எழுத்தில், ஓர் இடம் திறந்து அதை மற்றவர்களுக்குப் பூட்டி, சாக்கெட்டை அங்கே குடி வைத்தேன். சாவி, அமைப்பு எல்லாம் கதகதப்பு-வெதுவெதுப்புக்குள் அப்படியே இருக்கின்றன. வேலை முடிந்ததும் ஏஜென்டை எழுப்பி அனுப்ப ஒரு வரியும் சேர்த்தேன். இல்லாவிட்டால் பெட்டியை அழிக்க விடாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், அண்ணன் சோபாவில் உட்காருகிற மாதிரி.

ஓட்டினேன். கட்டியது. கையொப்பப் படிக்கு வந்தது. விதிப்புத்தகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏஜென்ட் எழுந்தது, இந்தத் தடவை சாகவில்லை. அட்டையின் விளக்கு மினுங்கியது. நீங்கள் சொல்லிக் கொடுத்த ரகசிய எண்ணைத் தட்டினேன். அப்புறம் திரையில் இரண்டு வரி வந்தது. கையொப்பம் சரி. கையொப்பமிட்டவர், என்று போட்டு ஒரு பெயர்.

என் பெயர், அண்ணி. பள்ளிச் சான்றிதழில் இருக்கிற மாதிரி முழுசாக, எழுத்துப் பிழை இல்லாமல். உங்கள் பெயர் எங்கேயுமே இல்லை.

ஒரு மாதமாக அந்த அட்டையை "உங்கள் அட்டை" என்று சொல்லிக்கொண்டு முறைத்திருக்கிறேன். சாவி உருவான தேதியையும் கேட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு மறுநாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு பேசாமல் இருந்த நாள். வெளியே உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தீர்களா? யார் பெயர் விழுகிறதோ அவள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வேறு எழுதினீர்களே. அந்தக் குழந்தைகளுக்குப் பதில் சொல்ல என்னை நம்பிவிட்டு, அதை வாயால் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் உங்களுக்கு வரவில்லை.

அழுதேன். விதிப்புத்தகம் பதறிப்போய், "என்னம்மா, ஏதாவது தப்பா வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சரியாத்தான் வந்திருக்கு."

"அப்போ வேலைக்கு என்ன முடிவு பண்ணீங்க?"

"எனக்கு ஏற்கெனவே வேலை இருக்கு சார். மூட்டை கட்டறேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாசல் அதிகாரிக்கு மட்டும் எல்லாம் புரியும். இத்தனை நாள் கடிதங்களைப் பேசாமல் பிரித்து, படித்து, மடித்து அனுப்பியவர், இன்று இதைக் கொடுக்கப் போனபோது, "அட்டை திறந்துச்சாம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதை எழுதுவதற்காகத்தான் உறையை அவரிடமிருந்தே திரும்ப வாங்கி, அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து இதை முடிக்கிறேன்.

ஒரு சாவியில் இரண்டு பெயர் வைக்கலாம், அண்ணி. கையேட்டில் அதையும் பார்த்தேன். வந்ததும் முதல் வேலை உங்கள் பெயரை அதில் சேர்ப்பது. வேண்டாம் என்று சொன்னால் சண்டைதான்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு அண்ணனை அனுப்பாதீர்கள், தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். நீங்களே வாருங்கள்.

சில்வண்டு